துரைக்குக் கிடைத்த உத்தரவு

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பதில் எழுத உட்காருவதும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவதுமாக நாள் கழிந்தது. உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. அலுப்பு, அவ்வளவுதான். நம் வீட்டில் முடிந்துபோயிற்று என்று நான் நினைத்திருந்த ஒரு பேச்சு மறுபடியும் தொடங்குகிறதே என்ற அலுப்பு.

நீ கேட்டதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். உன் பம்பாய்க் கம்பெனி வெளிநாட்டுக்காரர்களை நம் நாட்டுக்கு வேட்டைக்கு அழைத்து வருகிறது. புலியைச் சுடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்ட பிறகு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் மான், பன்றி, கண்மாய்த் தண்ணீரில் இறங்குகிற பறவை என்று தெற்குப் பக்கம் திரும்பப் பார்க்கிறீர்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் அவர்கள் தங்குவதற்கு நான் இருக்கிற இந்தக் கீழச்சிவல்பட்டி வீட்டைத் திறந்துவிட வேண்டும். பெர்மிட் வாங்குவது கம்பெனியின் பொறுப்பு. “ஆத்தா, சரி என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்” என்கிறாய். அந்த வரி வந்தால் தென்னாட்டுப் பொறுப்பு உனக்கு. வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். பெண் வீட்டில் பேச்சு நடக்கிற நேரம் வேறு. இது உனக்கு எவ்வளவு பெரிது என்று தெரியாமல் நான் இதை எழுதவில்லை.

ஒரு வரியில் எழுத எனக்கு வரவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு வயது; பாதி வளர்ந்த நானும் பிறந்த நீயும் இந்த வீட்டில் சேர்ந்தே வளர்ந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை உனக்கு முன்னால் நான் படித்தேன். இன்றும் தபாலில் வருகிற பத்திரிகை எதையும் விடுவதில்லை. ஆகவே நீ எழுதியிருக்கிற நியாயங்கள் எனக்குப் புதிதில்லை. அந்நியச் செலாவணி வருகிறது என்கிறாய், உண்மை. ஆப்பிரிக்காவில் சில நாடுகள் வெளிநாட்டு வேட்டைக்காரர் கட்டுகிற பணத்தைக் கொண்டுதான் காட்டுக்குக் காவல் போடுகின்றன, அந்தப் பணம் இல்லாவிட்டால் காடே இருக்காது என்கிறாய். நானும் படித்தேன். அது பொய் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியாக, “நம் வீட்டிலேயே ஒரு துரை தங்கி வேட்டையாடியிருக்கிறாரே, கூடத்தில் படம் மாட்டியிருக்கிறதே, என்னைப் பெற்ற அப்பச்சி செய்தால் சரி, மகன் நான் செய்தால் தவறா?” என்று கேட்டிருக்கிறாய். அந்தப் படம் எடுத்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பெருமைப்பட்டாய். படத்தில் இல்லாததை அப்போது உன்னிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் பெயர் ரைனர். ஜெர்மனிக்காரர். அப்பச்சி அப்போது நூல் மில் தொடங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அதற்கு இயந்திரம் விற்க வந்தவர். வெள்ளைத் தோலாக இருந்தால் நம் பக்கத்தில் எல்லாரும் துரைதான், ஆகவே அவரும் துரை. மனிதர் ரொம்ப நல்லவர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பணியாரத்தைக் காரச் சட்னியில் தோய்த்துக் கண்ணில் நீர் வழிய வழியத் தின்றார். வீட்டுப் பெண்களில் எனக்கு மட்டும்தான் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று தெரிந்துகொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் ஒவ்வொரு பறவையின் பெயரையும் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டார். குளிர்காலத்தில் வருகிற சின்ன வாத்துக்கு இங்கே கிளுவை என்று பெயர் என்றேன். சட்டைப் பையிலிருந்து பெர்மிட்டை எடுத்துக் காட்டினார். முத்திரையும் கையெழுத்துமாக, இத்தனை கிளுவைதான் சுடலாம் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒன்று சுட்டாலும் தன் ஊரில் துப்பாக்கியையே பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னார். அந்தத் தாளை அவர் மடித்து வைத்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. நம் ஆட்கள் கோயில் பிரசாதத்தைத்தான் அப்படி மடித்து வைப்பார்கள்.

வேட்டைக்கு முந்தின நாள் அப்பச்சி டிரைவர் காதர் பாயைக் கூப்பிட்டு, “கண்மாய்க்காரக ஊருல போயி அம்பலத்துக்கிட்டச் சொல்லிட்டு வா. நாளைக்குத் துரை வேட்டைக்கு வாராக. உத்தரவெல்லாம் வாங்கியாச்சு, ஒண்ணும் யோசிக்க வேண்டாம்னு சொல்லு” என்றார்கள். அம்பலம் என்றது சேவுக அம்பலத்தை. கண்மாய்க்கரையில் இருக்கிற அந்த ஊருக்குத் தலைவர், கோயிலில் முதல் விபூதி வாங்குகிறவர். காதர் பாயும் போய்ச் சொன்ன சொல் மாறாமல் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஊரில் உத்தரவு என்றால் என்ன என்பது உனக்குத் தெரிந்திருக்காது. மாசியில் அவர்கள் முயல் வேட்டைக்குப் போவார்கள். போவதற்கு முன்னால் கண்மாய்க்கரை அய்யனாரிடம் கேட்க வேண்டும். வெள்ளரளி ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்த வருஷம் வேட்டை கிடையாது, கம்பும் வலையும் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். இது முயலுக்கு. கண்மாய்க்குள் கருவேல மரங்களில் கூடு கட்டுகிற நாரைக்கும், தண்ணீரில் வந்து இறங்குகிற கிளுவைக்கும் பூப் போட்டுக் கேட்பதே இல்லை. அவை அய்யனாரைப் பார்க்க வந்தவை, அவற்றைக் கேட்பது எப்படி?

ஆனால் நம் குடும்பம் அந்தக் கோயிலுக்குச் சுவர் எடுத்துக் கொடுத்த குடும்பம். செட்டியார் உத்தரவு வாங்கியாச்சு என்று சொல்லி அனுப்புகிறார் என்றால், எங்கோ எப்படியோ அய்யனாரிடம் பூக் கேட்டிருக்கிறார், வெள்ளை வந்திருக்கிறது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாமியே கொடுத்த பிறகு அது சாமி வேட்டை. நான் போய்ப் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் போகிற இடமில்லை. காதர் பாய் வந்துதான் சொன்னார்.

“ஊரே தெரண்டு வந்துருச்சு ஆச்சி. தப்பு அடிக்கிறாக, பொம்பளைக கொலவை போடுறாக. தொரைக்கு ஒரு எழவும் புரியல. தனக்குத்தேன் வரவேற்புன்னு தொப்பியக் கழட்டிக் கழட்டிக் கும்புடுறாரு. அம்பலம் மொதல் தட்டுத் தேங்காயக் கொண்டாந்து துப்பாக்கி மேல வச்சு ஒடைக்கப் பாத்தாரு, நாந்தேன் புடிச்சு நிறுத்துனேன், வெடிச்சுத் தொலைக்கப் போகுதுன்னு.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. துரை பெர்மிட்டில் இருந்த கணக்குக்கு மேல் ஒன்றுகூடச் சுடவில்லை. உட்கார்ந்த பறவையைச் சுடவில்லை. விழுந்ததை ஒன்று விடாமல் தேடி எடுத்துவரச் செய்தார். அன்று மத்தியானம் கிளுவைக் கறியை மிளகு அரைத்துச் சமைத்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடும் முன் கூடத்தில் எடுத்ததுதான் அந்தப் படம். மறுநாள் அவர் புறப்பட்டுப் போனார். ஊருக்குப் போய் எனக்கும் அப்பச்சிக்கும் நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்பினார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சேவுக அம்பலம் வந்தார். வெயிலில் நடந்து வந்தவர் மோர் வேண்டாம் என்றார். அப்பச்சி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நின்றேன்.

“செட்டியாரே, ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். பூ என்ன வந்துச்சு?”

“என்ன பூ?”

“உத்தரவு கேக்கையில. வெள்ளைதானே? நாரையெல்லாம் அன்னைக்குப் போனது திரும்பலை. கூட்டுல குஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்குது, பருந்து தூக்குது, மிச்சம் கீழ விழுகுது. பொம்பளைக கேக்குறாக, அய்யனாரு நெசமாவே குடுத்தாரான்னு. வெள்ளைன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், போய்ச் சொல்லிருவேன்.”

அப்பச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. முதலில் சிரித்துவிட்டார்கள். “அட அம்பலம், இது அய்யனாரு குடுக்குற சமாச்சாரமா? கவர்மெண்டு குடுத்தது. இந்தா பாரும், நகல் வச்சுருக்கேன், முத்திரை கூட இருக்கு.”

அம்பலம் தாளைக் கையில் வாங்கவில்லை. “நாந்தேன் தப்படிக்கச் சொன்னேன். நாந்தேன் மரத்துப் பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போனேன். இப்ப ஊருக்குள்ள என்னன்னு போயிச் சொல்லுவேன்?”

“நான் அய்யனாருக்கிட்டக் கேட்டேன்னா சொன்னேன்? உத்தரவுன்னுதானே சொன்னேன்?”

“ஆமா. உத்தரவுன்னுதேன் சொன்னீக.”

அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். அப்பச்சிக்குக் கோபம் காதர் பாய்மேல் திரும்பியது, விவரமாகச் சொல்லியிருக்க வேண்டாமா என்று. அவர் என்னிடம் வந்து, “எங்க வீட்டுல உத்தரவுன்னா எங்களப் பெத்த அத்தா குடுக்குறது ஆச்சி. இவுக ஊருல சாமி குடுக்குறதுன்னு நான் எதைக் கண்டேன்?” என்றார். யார் மேலும் பிழை சொல்ல முடியாத ஒரு பிழை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது அம்பலம் ஒருத்தர்தான். அந்த மாசியில் முதல் விபூதி அவருக்குக் கிடைக்கவில்லை. வேறொரு வீட்டுக்குப் போயிற்று. அப்பச்சி கோயிலுக்கு ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்கள், வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் போயிற்று, ஆகவே மழைமேல் பழிபோட முடியவில்லை. நாரை வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. பிறகு ஒன்றிரண்டாக வந்து, இப்போதுதான் மரம் வெளுக்கிற அளவுக்கு வருகிறது என்கிறார் காதர் பாய். அது தெரிந்துதான் உன் கம்பெனியும் இந்தப் பக்கம் பார்க்கிறது போலும்.

ஒரு நாடு வெளியாருக்கு வேட்டை பெர்மிட் கொடுக்கலாமா என்று நீ பொதுவாகக் கேட்டிருக்கிறாய். கொடுக்க வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வெளிநாட்டுக்காரர் கெட்டவர், நம்மவர் நல்லவர் என்ற எண்ணத்தில் சொல்லவில்லை. உன் சித்தப்பா ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண் கூசி நிற்கிற முயலையும் மானையும் எந்தக் கணக்கும் இல்லாமல் சுட்டவர். அவரிடம் பெர்மிட் என்று ஒன்று இருந்ததே இல்லை. ரைனரை அவரோடு சேர்த்துப் பேசினால் பாவம். எனக்கு இருக்கிற தயக்கம் வேறு. பெர்மிட்டில் விழுகிற பறவைக்குக் கணக்கு இருந்தது. பறந்து போய்விட்ட பறவைக்கு அதில் இடம் இல்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது? உன் சித்தப்பாவைக் கேட்கலாம். கல்யாணத்தில் பார்க்கும்போது கேட்கலாம், முகம் கொடுக்காமல் இருக்கலாம், ஊர் நான்கு வார்த்தை சொல்லலாம். வந்து போகிறவரை என்ன கேட்பது? கப்பல் ஏறியாயிற்று. நன்றி சொல்லி அட்டை வருகிறது. அவர் மனதில் நம் ஊர் தப்பும் குலவையுமாக இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இதை எழுதும்போதே இன்னொன்றும் என்னைக் குத்துகிறது. வெளியாரைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை? உன் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், கடை வைத்துக் கொண்டுவிற்கப் போனது பர்மாவுக்கு. அப்பச்சி பிறந்தது அங்கே மோல்மீனில். இந்த வீட்டில் நான் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிற தூண் அந்த நாட்டுக் காட்டில் நின்ற மரம். எல்லாம் முறைப்படி வாங்கியது, முத்திரை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது என்று நம் வீட்டு ஆண்கள் அந்த நாடு கைவிட்டுப் போன பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முத்திரை போட்டவன் இங்கிலீஷ்காரன், மரம் இருந்தது பர்மாக்காரன் ஊரில் என்பதை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. அவர்கள் நம்மைப் போகச் சொன்னபோது நமக்கு வந்த ஆச்சரியம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பெர்மிட் வைத்திருந்த விருந்தாளி நாமும்தான்.

அதனால் கொஞ்சம் இப்படியும் யோசித்தேன். காட்டையும் கண்மாயையும் ஒட்டி இருக்கிறவர்களைக் கேட்டு, அவர்கள் சரி என்று சொல்லி, வருகிற பணத்தில் அவர்களுக்கும் பங்கு வைத்து ஒரு நாடு பெர்மிட் கொடுக்குமானால், அதைக் குறை சொல்ல நான் யார்? நாம் கேட்காமல் விட்டதுதானே அன்று தவறாகப் போயிற்று. ஆகவே போன செவ்வாய்க்கிழமை காரைக்குடி செக்காலையிலிருந்து காதர் பாயைக் காரோடு வரச் சொல்லி, கண்மாய்க்காரர் ஊருக்குப் போனேன். அம்பலத்துக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அவர் மகன் பெரியகருப்பன்தான் பேசினான். நீ எழுதியதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வார்கள், அதை உனக்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

“தாராளமா வரட்டும் ஆச்சி” என்றான் பெரியகருப்பன். “தம்பி நல்ல ரோசனைதேன் சொல்லிருக்காப்ல. கூட நடக்க ஆளு வேணும், சமைக்க ஆளு வேணும், மூட்டை தூக்க ஆளு வேணும். எங்க பயலுகெல்லாம் திருப்பூருக்கு ஓடுறானுகள்ல, ரெண்டு மாசமாச்சும் இங்குட்டு இருப்பானுக. நாரை என்ன நெல்லா போடுது?”

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, “அய்யனாருக்கு என்ன பதில் சொல்லுவீக?” என்றாள்.

“பூப் போட்டுக் கேட்டாப் போச்சு.”

“செவப்பு வந்துட்டா?”

“மறுக்கா போடுறது. வெள்ளை வர்ற வரைக்கும் போடுறது. சாமிக்கும் நாலு காசு வரும்ல, அதுக்கு மட்டும் கசக்குதாக்கும்?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சேவுக அம்பலத்திடம், “நீங்க என்ன சொல்றீக அம்பலம்?” என்று கேட்டேன்.

“ஏங்கிட்ட ஏன் கேக்குறீக ஆச்சி? நான் ஒருக்காச் சொன்னதே போதும்.”

திரும்பி வரும்போது காரில் காதர் பாய், “கேக்கலைன்னா ஏன் கேக்கலைன்னு ஏசுவாக. கேட்டா இப்படி. நீங்க பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்” என்றார். அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

ஆகவே, தம்பி, அந்த ஊர்க்காரர்கள் பெயரைச் சொல்லி உனக்கு மறுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் உன் பக்கம். அரசாங்கமும் உன் பக்கம், இன்றைய தேதிக்கு. சட்டப்படி பார்த்தால் வீடும் உன்னுடையதுதான்; அப்பச்சிக்குப் பிறகு நீ என்னைக் கேட்காமலே அவர்களை அழைத்து வந்திருக்கலாம், நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் கேட்டாய். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டு ஆண்களில் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தவன் நீ ஒருத்தன்தான். அந்தச் சந்தோஷத்திலேயே சரி என்று எழுதிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு தோன்றியது, வெள்ளை வருகிற வரைக்கும் போடுவது ஒரு கேள்வியா? கேட்கிறவன் இல்லை என்ற பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். நீ அப்படித்தான் கேட்டிருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். வீட்டைத் தரமாட்டேன். துப்பாக்கியோடு வருகிறவருக்கு இலை போட்டு, காலையில் அனுப்பிவிட்டு, மத்தியானம் அவர் கொண்டுவருகிறதை உரித்துச் சமைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்க எனக்கு இனி முடியாது. இதற்கு நாட்டுக்குப் பொதுவான நியாயம் எதுவும் நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

நீ காரைக்குடியில் வேறு வீடு பார்க்கலாம். அமராவதிபுதூரில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, கேட்டால் கொடுப்பார்கள். நான் யாருக்கும் எதிராக ஒரு வார்த்தை எழுதமாட்டேன். அப்படி நீ செய்தால் கண்மாயில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், நான் தடுக்க முடியாது என்பதும் தெரியும். செய்யாமல் விட்டால் உன் இடம் போய்விடும், அதுவும் தெரியும். பெண் வீட்டார் கேட்டால் மழுப்பாதே. ஆத்தா பிடிவாதக்காரி, வீட்டைக் கொடுக்க மறுத்துவிட்டாள் என்றே சொல். இதைக் கேட்டு அவர்கள் பின்வாங்கினால் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

பெரியகருப்பனிடம் நாளைக் காலையில் காதர் பாயை அனுப்புகிறேன். கம்பெனி மனம் மாறிவிட்டது என்றோ, மேலிடத்தில் முடியாது என்றுவிட்டார்கள் என்றோ, சாமி குற்றம் என்றோ சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். “கீழச்சிவல்பட்டி ஆச்சி வீட்டைத் தரமாட்டேன்னுட்டாக” என்று மட்டும் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். கையில் வந்த வேலையைக் கெடுத்தவள் என்று அந்த ஊரில் கொஞ்ச நாள் என்னை ஏசுவார்கள். தைக்கு வருவாய் அல்லவா, காதில் விழும். யாரிடமும் எனக்காகப் பரிந்து பேசாதே. ஏச வேண்டியது யாரை என்று இந்தத் தடவையாவது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியட்டும்.

உன் ஆத்தா